வீட்டு வீடியோக்களைக் காப்பாற்றி அடுக்குவது எப்படி? வாசகர் கேள்வி–பதில்

கே: 2003இல் நடந்த எங்கள் கலியாண வீடியோ, பிள்ளைகளின் பிறந்தநாள்கள், பார்த்து முடித்த படங்கள் எல்லாம் ஒரே 4 டீபீ ஹார்ட் டிஸ்கில் கிடக்கின்றன. ஒரு மாதமாக அது திறக்கவே ஐந்து நிமிடம் எடுக்கிறது. சில வீடியோக்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. என்ன செய்யலாம்?
– வாசகி, வெள்ளவத்தை

ப: டிஸ்க்கை இப்போதே கழற்றி வையுங்கள். புது டிஸ்க் ஒன்று வாங்கி வந்த பிறகு மட்டும் மீண்டும் சொருகுங்கள். பழுதாகிவரும் டிஸ்க் ஓடும் ஒவ்வொரு மணித்தியாலமும் அதன் மிச்ச ஆயுளில் கழிகிறது. 'ஸ்கேன் செய்து திருத்தவா?' என்று விண்டோஸ் கேட்டால் சம்மதிக்க வேண்டாம். அந்தத் திருத்தம் பழுதான டிஸ்கிலேயே எழுதும். மீட்கக்கூடிய கோப்புகளும் அதில் துண்டுதுண்டாகிவிடலாம்.

கொப்பி பண்ணும்போது படங்களைத் தொடவே வேண்டாம். அவை வேறெங்காவது கிடைக்கும். உங்கள் கலியாண வீடியோவுக்கு உலகத்தில் வேறு பிரதி இல்லை. அதுதான் முதலில் வெளியே வர வேண்டும். முழு டிஸ்க்கையும் ஒரேயடியாக இழுக்காமல் ஒவ்வொரு ஃபோல்டராக எடுங்கள். ஒரு கோப்பில் சிக்கினால் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போங்கள். சிக்கியவற்றைக் கடைசியில் பார்க்கலாம். யூஎஸ்பி 3 துவாரத்தில் சொருகுங்கள், பெரும்பாலும் அதன் உள்நாக்கு நீல நிறமாக இருக்கும். நல்ல டிஸ்க் என்றால் 300 ஜீபீ அதில் ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறும். பழைய யூஎஸ்பி 2 என்றால் இரண்டரை மணித்தியாலம். உங்களுடையது இன்னும் மெதுவாகத்தான் போகும், பொறுத்திருங்கள்.

'டிக் டிக்' என்று ஒரே சீராகச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். வாசிக்கும் முனை தடுமாறுகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் தரவு மீட்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கொழும்பின் ஈரக் காற்றில் குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்த கணமே நீர் படியும், அப்படிச் செய்யாதீர்கள்.

புது டிஸ்கிலும் 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளை மாதம் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதில் 05 (பழுதாகி மாற்றப்பட்ட இடங்கள்), சி5 (வாசிக்கத் தடுமாறும் இடங்கள்) என்ற இரண்டு வரிகளின் கடைசி நிரலில் எல்லாம் பூச்சியமாக இருக்க வேண்டும். சி5இல் எண் ஏறத் தொடங்கினால் அந்த டிஸ்க்கை நம்பக் கூடாது.

குடும்ப வீடியோக்களுக்கு மூன்று பிரதிகள் வேண்டும். ஒன்று அன்றாடம் பார்க்க. இன்னொன்று எதிலும் சொருகாமல் அலுமாரியில். மின்னலும் வைரஸும் சொருகியிருப்பதைத்தான் தாக்கும். மூன்றாவது வத்தளையிலோ கண்டியிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டில். கடலோரத்தில் இருப்பவர்கள் அலுமாரிப் பிரதியைச் சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். உப்புக்காற்று முதலில் யூஎஸ்பி முனையைத்தான் அரிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் சொருகி, நாலைந்து வீடியோக்களை ஓட்டிப் பாருங்கள்.

கே: சாமத்தியச் சடங்கு டிவிடியைக் கம்ப்யூட்டரில் போட்டால் 1 ஜீபீ அளவில் நாலு துண்டு வீஓபி கோப்புகள் வருகின்றன. ஒரே வீடியோவாக்க முடியுமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

ப: டிவிடி வீடியோவில் ஒரு கோப்பு 1 ஜீபீயைத் தாண்டக் கூடாது என்பது விதி, அதனால்தான் அந்தத் துண்டுகள். 'மேக்எம்கேவி' மென்பொருள் அவற்றை ஒரே எம்கேவி கோப்பாகச் சேர்த்துத் தரும். படத்தைத் திரும்பச் சுருக்காததால் தரம் துளியும் குறையாது. சாதாரண ஒற்றை அடுக்கு டிவிடி ஒன்றுக்கு அதிகபட்சம் 4.4 ஜீபீ போகும். அறுபது டிவிடிகள் இருந்தாலும் 270 ஜீபீக்குள் அடங்கிவிடும். இடம் மிச்சம்பிடிக்கவென்று சுருக்கிவிட்டு மூலத்தை அழிப்பது வேண்டாத வேலை.

டிவிக்கோ போனுக்கோ சிறிய பிரதி வேண்டுமென்றால் எம்கேவியை 'ஹேண்ட்பிரேக்' என்ற மென்பொருளில் போடுங்கள். நம் நாட்டுக் கலியாண டிவிடிகள் பெரும்பாலும் 'பால்' (PAL) என்ற தொலைக்காட்சி முறையில், 720க்கு 576 புள்ளிகளோடு, ஒற்றை எண் வரிகளும் இரட்டை எண் வரிகளும் மாறிமாறிப் பதிவானவை. 'டீஇன்டர்லேஸ்' தெரிவைப் போடாவிட்டால் கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு விழும். அளவைப் பெருப்பித்து எடுப்பதால் தெளிவு கூடாது. தட்டில் அழுக்கிருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், சுற்றிச்சுற்றி அல்ல.

கே: 32 ஜீபீ பென் டிரைவ் காலியாக இருந்தும் 6 ஜீபீ வீடியோ ஏற மறுக்கிறது.
– வாசகர், தெஹிவளை

ப: அது ஃபேட்32 என்ற பழைய கோப்புச் சேமிப்பு முறையில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜீபீயைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபோர்மட் செய்யுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் எடுத்து வையுங்கள். பழைய டிவி சில எக்ஸ்ஃபேட்டை வாசிக்காது. டிவியோடு வந்த கையேட்டில் பாருங்கள்.

கே: வீடியோக்களுக்குத் தமிழில் பெயர் வைத்தால் டிவியில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. வாட்ஸ்அப்பில் வந்தவற்றை எப்படி அடுக்குவது?
– வாசகி, மட்டக்குளி

ப: உங்கள் டிவியில் தமிழ் எழுத்துரு இல்லை. பெயரை '2019-04-14 வருடப்பிறப்பு' என்று தொடங்குங்கள். எழுத்து கட்டமானாலும் எண் தெரியும். ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதினால் கால வரிசையும் தானாக அமையும். நாள் தெரியாவிட்டால் '2019-04' போதும், ஊகித்து எழுதாதீர்கள். வாட்ஸ்அப் கோப்பின் பெயரில் இருக்கும் எண், அது உங்கள் போனுக்கு வந்த நாள். விழா நடந்த நாளாக இருக்க வேண்டியதில்லை. அத்தோடு அது சுருக்கப்பட்ட பிரதி. எடுத்தவரின் போனில் மூலம் இன்னும் இருக்கும்போதே அதை 'டொகியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.