புரதங்களை வேதி இயைபின்படி பிரிப்பது எப்படி? ஒரு பச்சைத்தோலை வைத்து ஒரு பதில்

எளிய புரதம், இணைவுப் புரதம், வருவிக்கப்பட்ட புரதம் என்ற பிரிவுகளை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள வழி உண்டா என்று ஒரு பிளஸ் டூ மாணவர் கேட்டிருக்கிறார். உண்டு. நீராற்பகுத்தால், அதாவது தண்ணீர் சேர்த்து உடைத்தால், என்ன கிடைக்கும் என்று மட்டும் பாருங்கள். அமினோ அமிலங்கள் மட்டும் கிடைத்தால் எளிய புரதம். கூடவே சர்க்கரை, கொழுப்பு, பாஸ்பேட், உலோகம், நியூக்ளிக் அமிலம் என எதுவாவது வந்தால் இணைவுப் புரதம். இவற்றைச் சூடோ அமிலமோ நொதியோ மாற்றியோ உடைத்தோ உண்டாவது வருவிக்கப்பட்ட புரதம்.

நான் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் வேதியியல் பிரிவில் வேலை செய்கிறேன். இந்தப் பாடம் முழுக்க ஒரே தோலில் இருக்கிறது. உப்புப் போட்டு வரும் பச்சைத்தோலை (இன்னும் பதனிடாத விலங்குத்தோல்) முதலில் தண்ணீரில் ஊறப்போடுவோம். தோலில் உள்ள எளிய புரதங்களில் ஆல்புமின் வெறும் தண்ணீரிலேயே கரையும். குளோபுலின் கரையக் கொஞ்சம் உப்பு வேண்டும். தோலில் இருக்கும் உப்பே அதற்குப் போதும். அப்புறம் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும். முடியில் இருப்பது கெரட்டின், அதில் கந்தகம் உள்ள அமினோ அமிலமான சிஸ்டீன் அதிகம். இரண்டு கந்தக அணுக்களுக்கு நடுவே உள்ள பிணைப்பை சல்ஃபைடு அறுத்துவிட, முடி கூழாகிப் போகும். தோலின் கொலாஜனில் அந்தப் பிணைப்பு இல்லை என்றே சொல்லலாம். அதன் அமினோ அமிலங்களில் மூன்றுக்கு ஒன்று கிளைசின்தான். அதனால் தோல் தப்பிக்கிறது. பாடநூல் கெரட்டின், கொலாஜன் இரண்டையும் எளிய புரதம் என்ற ஒரே பிரிவில்தான் வைக்கும், ஆனால் எந்த அமினோ அமிலம் எவ்வளவு என்பதில் எவ்வளவு பெரிய வேறுபாடு, பாருங்கள்!

தோலின் கொலாஜன் நார்களுக்கு இடையே சர்க்கரைச் சங்கிலி கோத்த புரோட்டியோகிளைக்கன்களும் உண்டு. அவை இணைவுப் புரதம். சுண்ணாம்பில் பெரும்பகுதி வெளியேறும். தோலின் ஓரவெட்டுகளைத் தண்ணீரில் நெடுநேரம் காய்ச்சினால் கொலாஜன் ஜெலட்டின் ஆகும். அது வருவிக்கப்பட்ட புரதம்.

ஹீம் சேர்ந்த ஹீமோகுளோபின், பாஸ்பேட் சேர்ந்த பால் கேசீன் ஆகியவை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் எடுத்துக்காட்டுகள்தான்.

ஒரு இடத்தில் மட்டும் கவனமாக இருங்கள். வேலூருக்கு வைத்தியத்துக்கு வருபவர்களின் ரத்தப் பரிசோதனைத் தாளில் ஆல்புமின், குளோபுலின் என்று இரண்டு வரி இருக்கும். பழைய கரைதிறன் கணக்கில் இரண்டுமே எளிய புரதம். ஆனால் ரத்த குளோபுலின்களில் முக்கியமான எதிர்ப்பொருள்களில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது. இயைபின்படி அவை கிளைக்கோபுரதங்கள். பெயரைப் பார்த்துப் பிரிவை முடிவு செய்யாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அதேபோல, குரோமியம் போட்டுப் பதனிட்ட தோலையும் இணைவுப் புரதம் என்று எழுத வேண்டாம். குரோமியம் கொலாஜனின் கார்பாக்சில் தொகுதிகளோடு பிணைவது உண்மைதான். ஆனால் அதை உயிரணு சேர்க்கவில்லை, டிரம்மில் நாங்கள் சேர்த்தோம்.