ஒரு சுற்றுக்கு ஒரு ஆட்டமா, மூன்றா?

முப்பந்தல் பக்கம் 26 ஆண்டுகள் டவர் ஏறி இறங்கிய ஓய்வுபெற்ற சர்வீஸ் மெக்கானிக், வாசகர்களின் காற்றாலைக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஆரல்வாய்மொழி வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், மூன்று இறக்கையும் ஒன்றாகத்தான் சுற்றுகின்றன. பெரிய காற்றாடிகளில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திரும்பும் என்கிறான் என் அண்ணன் மகன். உண்மையா? எதற்கு?
– வாசகி, தோவாளை

பதில்: பையன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். சுளகு பிடித்த கைக்கு இது எளிதில் விளங்கும். சுளகைக் காற்றுக்கு நேராகப் பிடித்தால் ஆளையே தள்ளும். விளிம்பைக் காட்டினால் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடும். பிளேடு என்று நாங்கள் சொல்லும் இறக்கையும் அப்படித்தான். அதன் அடி, மூன்று பிளேடும் வந்து சேரும் நடுக்குடமான ஹப்பில் உள்ள பெரிய பேரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. மோட்டாரோ ஹைட்ராலிக் சிலிண்டரோ அதைத் திருப்பும். இதை நாங்கள் ‘பிட்ச்’ என்போம். காற்று அளவுக்கு மீறினால் மூன்றும் ஒரே அளவில் விளிம்பைக் காட்டும். நிறுத்தும்போது கிட்டத்தட்ட 90 டிகிரி.

தனித்தனியாகத் திரும்புவது வேறு காரணத்துக்கு. காற்று சீராக வருவதில்லை. ஹப் 120 மீட்டர் உயரத்தில், பிளேடு 60 மீட்டர் என்று வையுங்கள். ஹப்பும் பிளேடுகளும் சேர்ந்த ரோட்டரின் கீழ் நுனி 60 மீட்டரில், மேல் நுனி 180 மீட்டரில். தரையின் உராய்வால் கீழே காற்று மெதுவு. கீழே நொடிக்கு 8 மீட்டர் என்றால் மேலே சுமார் 9.3. இது சமவெளிக் கணக்கு. நம்மூரிலோ இரண்டு பக்கமும் மலை, நடுவில் கணவாய். ஆனி, ஆடியில் அந்த இடுக்கில் புகுந்து வரும் காற்று எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாது. போதாததற்கு, முன் வரிசை மெஷின் கலக்கிவிட்ட காற்று பின்னால் உள்ள ரோட்டரின் ஒரு பாதியில் மட்டும் வந்து மோதும். பிளேடு டவருக்கு முன்னால் கடக்கும் ஒரு கணம், அங்கே காற்று தேங்கியிருப்பதால் பாரம் சட்டென்று குறையும்.

பழைய 250 கிலோவாட் மெஷினிலும் மேலுக்கும் கீழுக்கும் விகிதம் ஏறக்குறைய இதேதான். ஆனால் அதில் பிளேடு 14 மீட்டர். நெம்புகோல் குட்டை, பெரிதாக வலிக்கவில்லை. 60 மீட்டர் பிளேடு அப்படியா? நிமிடத்துக்கு 12 சுற்று, ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓட்டம் என்று வைத்தால் 20 ஆண்டில் எட்டரைக் கோடி முறைக்கு மேல் அதன் அடி வளைந்து நிமிரும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் மேலே போகும் பிளேடு ஒன்றிரண்டு டிகிரி விளிம்பைக் காட்டும், கீழே வரும்போது திரும்பப் பிடிக்கும். 5 நொடிக்கு ஒரு முறை இந்த ஆட்டம். பஸ்ஸில் இருந்து பார்த்தால் தெரியாது.

கேள்வி: எந்த பிளேடில் எவ்வளவு பாரம் என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்?
– ஐ.டி.ஐ. மாணவர், பூதப்பாண்டி

பதில்: பிளேடின் அடியில், உள்பக்கம் வளைவை அளக்கும் சென்சார் ஒட்டியிருக்கும். ஒளியிழையில் வேலை செய்யும் வகையும் உண்டு. இடி மின்னலுக்கு அது தேவலை. மூன்று பிளேடும் சுற்றிக்கொண்டே இருப்பதால் மூன்று அளவும் அலை அலையாக வரும். அதை அப்படியே வைத்துக்கொண்டு கட்டுப்படுத்துவது சிரமம். ராபர்ட் கோல்மன் என்ற அமெரிக்கர் 1940-களில் ஹெலிகாப்டருக்காக ஒரு கணக்கு போட்டு வைத்தார். சுற்றுகிற மூன்று அளவையும் நிலையாக நிற்கும் இரண்டாக மாற்றும் கணக்கு: ரோட்டர் மேல்கீழாக எவ்வளவு கவிழப் பார்க்கிறது, இடவலமாக எவ்வளவு திரும்பப் பார்க்கிறது. இந்த இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, விடையைத் திரும்ப மூன்று பிளேடுக்கும் பிரித்துக் கொடுத்தால் முடிந்தது. காற்றாலையில் இந்த வழியை எர்வின் பொசானி 2003-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். ஹெலிகாப்டரும் சுற்றுக்குச் சுற்று பிளேடைத் திருப்புகிறது தம்பி, ஆனால் அது தான் சாய்ந்து பறப்பதற்காகப் பாரத்தை ஏற்றத்தாழ்வு ஆக்குகிறது. நாம் இருக்கிற ஏற்றத்தாழ்வைக் கழிக்கிறோம்.

பிளேடு தன் சொந்த எடையால் ஒவ்வொரு சுற்றிலும் வளைகிறதே, அதற்கு இந்த வித்தை உதவாது. பூமி இழுப்பதைப் பிட்ச் திருப்பி ஏமாற்ற முடியாது.

கேள்வி: இவ்வளவு நல்லதென்றால் எல்லாக் காற்றாடியிலும் எப்போதும் ஓட்டலாமே?
– வாசகர், செண்பகராமன்புதூர்

பதில்: பேரிங்கிடம் கேட்டுப் பாருங்கள். சும்மா நிற்க வேண்டிய பேரிங் நாள் முழுக்க ஒன்றிரண்டு டிகிரிக்குள்ளேயே முன்னும் பின்னும் ஆடினால், குண்டு ஒரே இடத்தில் உரசும், கிரீஸ் அங்கிருந்து ஒதுங்கிவிடும், தடம் விழும். பிளேடுக்கு மிச்சம் பிடித்ததைப் பேரிங்குக்கும் மோட்டாருக்கும் செலவழித்த கதை. காற்று மெதுவாக இருக்கும்போது திருப்பினால் கொஞ்சம் மின்சாரமும் போகும். பாரம் ஏறும் நேரத்தில் மட்டும் போட்டுக்கொள்வதுதான் புத்தி என்பது என் கட்சி. பழைய மெஷின்கள் பலவற்றில் பிளேடு ஹப்பில் இறுக்கி போல்ட் போட்டது. நுனி மட்டும்தான் பிரேக்குக்காகத் திரும்பும். அவற்றில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி: எங்கள் தோப்புக்குப் பக்கத்துக் காற்றாடி லேசாக ஆடுவதுபோல் தெரிகிறது. பயப்பட வேண்டுமா?
– வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: டவர் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். பயப்படும் முன் எண்ணிப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு மூன்று ஆட்டம் என்றால், மூன்று பிளேடும் ஒரே மாதிரி இருக்கின்றன, காற்றுதான் சீரில்லை. சுற்றுக்கு ஒன்றே ஒன்று என்றால் பிளேடுகளில் ஒன்று மற்ற இரண்டைப்போல் இல்லை. கம்பெனி ஆட்களிடம் சொல்லுங்கள்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். சர்வீஸ் முடித்த ஒரு மெஷினைக் காற்று குறைவான நாளில் ஓட்டிப் பார்த்தோம். நிமிடத்துக்கு 15 சுற்று. டவர் உச்சியில் ஜெனரேட்டர் இருக்கும் பெட்டியான நாசெல்லில் வைத்திருந்த பாட்டிலில் தண்ணீர் சரியாக 4 நொடிக்கு ஒரு முறை சாய்ந்தது. சுற்றுக்கு ஒன்று. பிளேடின் வடிகால் துளை அடைத்து உள்ளே தண்ணீர் நிற்கிறதோ என்று இரண்டு நாள் அதன் பின்னால் அலைந்தோம். சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்புறம் பிளேடு அடியில் உள்ள பூஜ்யக் குறியில் டார்ச் அடித்துப் பார்த்தால், ஒரு பிளேடு மட்டும் 2 டிகிரி தள்ளி நிற்கிறது. கோணம் அளக்கும் என்கோடரை அந்த வாரம்தான் மாற்றியிருந்தோம், மாற்றிய பிறகு பூஜ்யத்தைச் சரிபார்க்கவில்லை. மாற்றியது நான்தான்.