படுக்கையில் புரண்டால் வீடே சுற்றுகிறது!

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. வலது பக்கம் புரண்டு படுத்தாலோ, பரணில் இருக்கும் டப்பாவை எடுக்க அண்ணாந்தாலோ வீடே சுற்றுகிறது என்கிறார். கழுத்து எலும்பு தேய்மானம் என்று இரண்டு மாதமாக காலரும் மாத்திரையும்தான். இப்போது இன்னொரு டாக்டர் பிசியோதெரபிக்குப் போகச் சொல்கிறார். தலைசுற்றல்காரரைப் போய்த் தலையைத் திருப்பச் சொன்னால் விழுந்துவிட மாட்டாரா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நியாயமான பயம்தான். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கழுத்தைவிடக் காதின் மேல்தான் சந்தேகம். உள்காதில் மணல் போலப் பொடிப்பொடியாகச் சுண்ணாம்புத் துகள்கள் உண்டு. வயதாக ஆக அதில் சில கழன்று பக்கத்திலுள்ள அரைவட்டக் குழலுக்குள் போய்விடும், அப்புறம் தலையைத் திருப்பும்போதெல்லாம் அவை உருண்டு உள்ளேயிருக்கும் திரவத்தைக் கலக்க, தலை நின்ற பிறகும் சுற்றுவதாக மூளைக்குத் தகவல் போகும். சுற்றல் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். ஆம் என்றால் பெரும்பாலும் இதுதான்.

மாத்திரை குமட்டலைக் குறைக்கும், துகளை நகர்த்தாது. நகர்த்துவது பிசியோதெரபிஸ்ட் செய்யும் எப்ளி முறை. அமெரிக்க காது மருத்துவர் ஜான் எப்ளி 1992இல் விரிவாக எழுதி வெளியிட்டது. தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, கட்டில் விளிம்பில் தலை லேசாகத் தொங்கும்படி சட்டென்று படுக்க வைப்பார்கள். அப்போது சுற்றும், கருவிழி துடிக்கும். அதைப் பார்த்துத்தான் எந்தக் காது என்று உறுதி செய்வார்கள். அரை நிமிடம், ஒரு நிமிடம் பொறுத்துத் தலையை இடப்பக்கம், பிறகு முகம் தரையைப் பார்க்கும்படி உடம்போடு ஒருக்களித்து, கடைசியில் எழுந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான். பலருக்கு ஓரிரு தடவையிலேயே சரியாகிவிடும். வீடியோ பார்த்து நீங்களாகச் செய்ய வேண்டாம், தப்பான காதுக்குச் செய்தால் பயனில்லை. கழுத்துப் பிரச்சினையை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ப மாற்றிச் செய்வார்கள்.

பிசியோதெரபியில் கட்டைவிரலைப் பார்த்தபடி தலையை ஆட்டும் பயிற்சி ஒன்றும் உண்டு, அது வேறு. அது காது நரம்பு பழுதானவர்களுக்கு. அதில் கொஞ்சம் சுற்றத்தான் வேண்டும், அப்போதுதான் மூளை பழகும்.

பேச்சு குழறல், இரட்டையாகத் தெரிதல், கை கால் மரத்தல், நிற்கவே முடியாமை, இதில் ஏதாவது சேர்ந்து வந்தால் பிசியோதெரபியெல்லாம் அப்புறம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

முதல் நாள் வயிறு முட்டச் சாப்பிட்டுப் போக வேண்டாம், குமட்டும். திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைக்காமல் ஆட்டோ பிடித்துவிடுங்கள்.