கோவொர்க்கிங் கூடமும் அது இருக்கும் தெருவும்: சேலம் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கோவொர்க்கிங் கூடம் என்பது வெவ்வேறு வேலை செய்கிறவர்கள் கட்டணம் கட்டி ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் பொது அலுவலகம். சேலத்திலும் ஏற்காட்டிலும் அதை நடத்துகிறவர்களும், அங்கே வேலை செய்ய விரும்புகிறவர்களும் கேட்டவற்றுக்கு இத்துறையில் அனுபவமுள்ள ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: அஸ்தம்பட்டியில் கூடம் திறந்திருக்கிறேன். ஏசி, இணையம், ஜெனரேட்டர் எதிலும் குறையில்லை. இருந்தும் பலர் ஒரு மாதத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஏன்?

நீங்கள் சொன்ன வசதிகளில் பெரும்பாலானவற்றை இன்று வீட்டிலேயே அமைத்துக்கொள்ளலாம். உடன் இருந்து வேலை செய்யும் மனிதர்களை அப்படி அமைத்துக்கொள்ள முடியாது. 2005இல் சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் இத்தகைய இடத்தைத் தொடங்கியபோது, சொந்தமாகத் தொழில் செய்வதன் சுதந்திரமும் அலுவலகத்தின் தோழமையும் ஒருசேரக் கிடைக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கமாக இருந்தது. முதல் மாதம் ஒருவரும் வராததால் அவரே காபிக் கடைகளுக்குச் சென்று துண்டறிக்கை கொடுத்தார். அழைப்பதும் அறிமுகப்படுத்துவதும் நடத்துகிறவரின் அன்றாட வேலை. புதிதாக வருகிறவரை இரண்டு உறுப்பினர்களுக்காவது, பெயரும் தொழிலும் சொல்லி, நீங்களே அறிமுகப்படுத்துங்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஒரே பெரிய மேசை போடுங்கள்.

கேள்வி: எங்கள் கூடம் செவ்வாய்ப்பேட்டை அருகே இருக்கிறது. உறுப்பினர்கள் வெளியூர் கம்பெனிகளுக்கு வேலை செய்யும் இளைஞர்கள். தெருவிலோ வெள்ளிப் பட்டறைகளும் மண்டிகளும். இருவரையும் சேர்க்க ஒரு விழா நடத்தினோம். தெருவிலிருந்து யாரும் வரவில்லை.

பட்டறையை மூடிவிட்டு விழாவுக்கு வந்தால் அவருக்கு ஒரு நாள் வேலை கெடுகிறது, வராததில் வியப்பில்லை. கொலுசுப் பட்டறைக்காரருக்கு நல்ல படங்களுடன் ஒரு கேட்லாக் வேண்டியிருக்கும். மண்டிக்காரருக்கு ஜிஎஸ்டி கணக்கில் சந்தேகம் இருக்கும். அம்மாப்பேட்டை நெசவாளர் தம் சேலையை நேரடியாக வெளியூருக்கு விற்க வழி தேடுவார். இந்த மூன்றையும் செய்யத் தெரிந்தவர்கள் உங்கள் மாடியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே வாரத்தில் ஒரு மாலை, பட்டறை வேலை முடியும் நேரம் பார்த்து, வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, சந்தேகம் கேட்க யார் வேண்டுமானாலும் வரலாம் என்று தெருவில் கடை கடையாகச் சென்று நேரில் சொல்லுங்கள். முதல் அரை மணி நேரம் இலவசமாக இருக்கட்டும். அதற்கு மேல் வேலையாக மாறினால் உரிய கூலியை உறுப்பினருக்குக் கொடுக்கச் செய்யுங்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன், ஏனென்றால் இலவச உழைப்பின் மேல் கட்டிய உறவு இரு தரப்பிலும் மனக்கசப்பில் முடிகிறது.

கூடிச் செய்வது சேலத்துக்குப் புதிதும் அல்ல. ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் தங்கள் சரக்கைச் சேமித்து விற்பதற்காக 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தை ஏற்படுத்திக்கொண்ட ஊர் இது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா நடக்கும் நாள்களில் எந்தக் கூட்டமும் வைக்காதீர்கள்.

கேள்வி: பெயர்ப்பலகையும் விதிமுறைகளும் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் போதாதா?

போதாது. கதவைத் தள்ளத் தயங்குகிறவர் முதலில் படிப்பது அந்தப் பலகையைத்தான். கட்டணத்தையும் தமிழில் வெளியே எழுதி வையுங்கள்.

கேள்வி: சூரமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். என் மகள் அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்கிறாள். இரவில் இப்படிப்பட்ட இடத்துக்கு அனுப்பலாமா?

அம்மா, முதலில் நீங்களே மகளுடன் ஒரு மாலை சென்று பாருங்கள். பெற்றோர் வந்து பார்ப்பதை விரும்பாத இடம் வேண்டாம். மாடிப்படியில் வெளிச்சம், உள்ளே தாழிட வசதியுள்ள சுத்தமான கழிப்பறை, இரவுப் பணியில் ஒரு பெண் ஊழியர், வந்து போகிறவர்களுக்குப் பதிவேடு ஆகியவை இருக்கின்றனவா என்று கேளுங்கள். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனத்தில், இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடங்களில் பணிபுரிகிறவர்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். கோவொர்க்கிங் கூடத்தில் இருவர், மூவர் கொண்ட நிறுவனங்களே மிகுதி என்பதால், அந்தக் குழுவின் தொடர்பு விவரம் சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கேள்வி: சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்குச் சாய்தளம் எப்படி அமைப்பது?

ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது குறைந்தபட்ச அளவு. லிஃப்ட் இல்லாத மாடி என்றால், தரைத்தளத்தில் சில இருக்கைகளாவது வாடகைக்கு எடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில், பெங்களூரிலிருந்து வந்து தங்கி வேலை செய்கிறவர்களுக்காகக் கூடம் தொடங்குகிறோம். ஊர்க்காரர்கள் அதைத் தங்களுடையதாக நினைப்பார்களா?

தங்களுக்கும் அதில் இடம் இருந்தால் நினைப்பார்கள். கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாட்டையும் மே மாதக் கோடை விழாக் கூட்டத்தையும் ஏற்கெனவே சமாளிக்கிறவர்கள் அவர்கள். உங்கள் கூடம் இன்னொரு சுமையாக வந்துவிடக் கூடாது. ஆகவே மழைநீர்த் தொட்டியைக் கட்டிடத்தோடு சேர்த்தே கட்டுங்கள். காபியையும் மிளகையும் சேர்வராயன் மலைச் சிறு விவசாயிகளிடமே நியாயமான விலைக்கு வாங்குங்கள். மலைக் கிராமங்களின் பிள்ளைகளுக்குத் துப்புரவு வேலை மட்டும் கொடுக்காமல், வரவேற்பு, கணக்கு, கணினிப் பராமரிப்பு ஆகியவற்றையும் பழக்கி, சம்பளத்தோடு கொடுங்கள். மாலையில் சில மேசைகளைப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் உள்ளூர் மாணவர்களுக்குக் கட்டணமின்றி ஒதுக்குங்கள். கடைசிப் பேருந்துக்கு அவர்கள் கிளம்ப வேண்டியிருக்கும் என்பதால் அந்த நேரத்தை முன்னதாகவே தொடங்குங்கள். ஊராரோடு பேச விரும்பினால், காபிப் பழம் பறிக்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களைத் தவிர்த்து, அவர்கள் ஓய்வாக இருக்கும் நாளை அவர்களிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.