டாமோக்ஸிஃபென் சாப்பிட்டால் கரு நிற்காதா?

கேள்வி: எனக்கு 34 வயது. ஒரு பையன் இருக்கிறான். போன வருடம் இடது மார்பில் புற்றுநோய்க் கட்டியை எடுத்தார்கள். பிறகு ஆறு முறை சி.எம்.எஃப். என்கிற மூன்று மருந்துக் கீமோ. இப்போது தினமும் டாமோக்ஸிஃபென் 20 மி.கி. சாப்பிடுகிறேன். ஐந்து மாதமாக மாதவிலக்கு இல்லை. "ஹார்மோன் மாத்திரைதானே, கரு நிற்காது" என்கிறார் அக்கா. தனியாகக் கருத்தடை வேண்டுமா? இன்னொரு குழந்தை பெற முடியுமா?

பதில்: கருத்தடை கட்டாயம் வேண்டும், இன்றிலிருந்தே.

அக்கா மேல் தவறில்லை. கருத்தடை மாத்திரை, டாமோக்ஸிஃபென் இரண்டையுமே 'ஹார்மோன் மாத்திரை' என்றுதான் சொல்கிறோம். மாலா-டி என்கிற கருத்தடை மாத்திரை அட்டையைப் பார்த்திருப்பீர்கள்: 21 வெள்ளை மாத்திரை, 7 இரும்புச்சத்து மாத்திரை. அந்த வெள்ளை மாத்திரையில் உண்மையிலேயே ஹார்மோன்கள் இருக்கின்றன. ரத்தத்தில் ஹார்மோன் போதுமான அளவு இருப்பதாக மூளை நினைத்துக்கொண்டு, சினைப்பைக்கு உத்தரவு அனுப்புவதைக் குறைத்துவிடும். கருமுட்டை வெளிவராது.

டாமோக்ஸிஃபென் ஹார்மோனே அல்ல. உங்களுக்கு வந்த வகைக் கட்டியின் செல்களில் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் வந்து உட்கார ஓர் இருக்கை உண்டு. அது உட்கார்ந்தால் செல் பெருகும். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு பஸ்ஸில் சீட் பிடிப்போமே, அப்படி இந்த மருந்து முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், மூளையிலும் அது துண்டு போடுகிறது. ஈஸ்ட்ரோஜன் கண்ணில் படாததால், பற்றாக்குறை என்று நினைத்து மூளை சினைப்பையை இன்னும் விரட்டுகிறது. கருமுட்டை வெளிவரவே இது வழி செய்யலாம்.

இதன் கதையும் அப்படித்தான். 1962-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் இதைத் தயாரித்தபோது, கருத்தடை மருந்துதான் தேடிக்கொண்டிருந்தார்கள். எலிகளிடம் பலித்தது. பெண்களிடமோ கருமுட்டையைத் தூண்டியது. மார்பகப் புற்றுநோய்க்குப் பிரிட்டன் அனுமதி தந்தது 1973-இல்.

சரி, விலக்கு ஏன் நின்றது? சி.எம்.எஃப்.பில் 'சி' என்கிற சைக்ளோபாஸ்பமைடு சினைப்பையை முடக்கக்கூடியது. உங்கள் வயதில் பலருக்கு அது மறுபடி விழித்துக்கொள்ளும். அப்போது முதலில் கருமுட்டை வெளிவரும். விலக்கு அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான். ஆகவே விலக்கைக் கண்ணால் பார்க்காமலே கர்ப்பம் தரிக்க முடியும்.

மற்ற இரண்டும், அதாவது மெத்தோட்ரெக்ஸேட்டும் ஃபுளூரோயுராசிலும், உடலுக்கு வேண்டிய பொருள் போல நடித்து செல்லை ஏமாற்றும் மருந்துகள். செல் பிரிய புது டி.என்.ஏ. வேண்டும், அதற்குத் தைமின் என்கிற செங்கல் வேண்டும். ஃபுளூரோயுராசில் அந்தச் சூளையையே அடைக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட், ஃபோலிக் அமிலம் போல வேஷம் போட்டு அதன் வேலையைக் கெடுக்கிறது. (இதை உருவாக்கிய, லெடர்லே என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் குழுவுக்கு வழிகாட்டிய எல்லாப்பிரகடா சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.) கர்ப்பிணிக்கு ஃபோலிக் அமில மாத்திரை கொடுக்கிறோம் இல்லையா? குழந்தைக்கு அத்தனை அவசியமான பொருள் அது. கருக்குழாயில் தங்கிய கருவைக் கரைக்க மருத்துவர்கள் மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போடுவதும் இதனால்தான். இந்த மருந்துகள் கருத்தரிப்பைத் தடுப்பதில்லை. தரித்த கருவைச் சிதைக்கக்கூடியவை. டாமோக்ஸிஃபெனும் கருவுக்கு ஆகாது.

உங்களுக்குப் பொருத்தமானது காப்பர்-டி. அதில் ஹார்மோன் கிடையாது. போடும்வரை ஆணுறை. அதற்கு முன் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். கருத்தடை மாத்திரை, மூன்று மாத ஊசி, ஹார்மோன் உள்ள லூப், கையில் வைக்கும் குச்சி எதுவும் வேண்டாம். லக்னோ ஆய்வகத்தில் கண்டுபிடித்த 'சாயா' மாத்திரையில் ஹார்மோன் இல்லைதான். ஆனால் அதுவும் இதே இருக்கைக்குப் போட்டியிடும் மருந்து. டாமோக்ஸிஃபெனோடு சேர்த்து நீங்களாகச் சாப்பிடாதீர்கள். இடையில் ரத்தப்போக்கு வந்தால் காப்பர்-டி மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். டாமோக்ஸிஃபென் கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கக்கூடியது, உடனே காட்டுங்கள்.

இன்னொரு குழந்தைக்கு வழி இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்காக 18 முதல் 30 மாதம் ஹார்மோன் சிகிச்சை (டாமோக்ஸிஃபென் போன்ற மருந்து) எடுத்த பெண்கள், குழந்தைக்காக இரண்டு ஆண்டு வரை அதை நிறுத்தி வைத்ததை 'பாசிட்டிவ்' என்ற ஆய்வு கவனித்தது. 2023-இல் வந்த முடிவின்படி, முதல் சில ஆண்டுகளில் அவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடவில்லை. நீண்டகாலக் கணக்கு இனித்தான் வரவேண்டும். எப்போது நிறுத்துவது, மருந்து உடலை விட்டுப் போக எத்தனை மாதம் காத்திருப்பது என்பதெல்லாம் உங்கள் புற்றுநோய் மருத்துவர் போட வேண்டிய கணக்கு. அடுத்த முறை போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போய், "இன்னொரு குழந்தை வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அதுவரை ஒரு நாள்கூட மாத்திரையை விடாதீர்கள்.