ஷெல் தகராறுகள்: வாசகர் கேள்வி-பதில்

கே: நீர்மட்டக் கருவிக்கான பில்ட் (மூலநிரலிலிருந்து மென்பொருளை உருவாக்கும் வேலை) என் பெடோரா லினக்ஸில் முடிகிறது. நண்பரின் உபுண்டுவில் ‘அன்எக்ஸ்பெக்டட் ஒப்பரேட்டர்’ என்று காட்டுகிறது. ஏன்? – மாணவர், அறிவியல் நகர், கிளிநொச்சி

ப: ஒப்பிடும் இடத்தில் இரட்டைச் சமக்குறி போட்டிருக்கிறீர்கள். ஸ்கிரிப்டிலுள்ள கட்டளைகளைப் படித்துச் செய்யும் நிரல்தான் ஷெல். அதை எஸ்எச் என்ற பெயரில் அழைப்போம். பெடோராவில் எஸ்எச் என்றால் பாஷ் என்ற ஷெல். உபுண்டுவில் 2006 முதல் டாஷ். டாஷுக்கு ஒற்றைச் சமக்குறிதான் தெரியும். ஒன்றை அழித்துவிடுங்கள்.

கே: பில்ட் வரவில்லை. படம் இணைத்துள்ளேன். அவசரம். – வாசகர், வவுனியா

ப: படத்தில் இருப்பது ‘எரர் 2’ என்ற கடைசி வரி மட்டும். அது உள்ளே எங்கோ பிழை நேர்ந்ததை, பில்டை நடத்தும் மேக் நிரல் வெளியே அறிவிக்கும் வரி. காரணம் அதில் இருக்காது. எந்த லினக்ஸ், எந்தக் கட்டளை என்பதையும் எழுதவில்லை. முழு லாக்கையும் (பில்ட் காட்டிய எல்லா வரிகளையும்) எழுத்தாக அனுப்புங்கள். முதல் பிழையைப் பாருங்கள், கடைசிப் பிழையை அல்ல. எத்தனை தடவை சொல்வது?

கே: ஸ்கிரிப்ட் கோப்பு கண் முன்னே இருக்கிறது. ஓடவிட்டால் ‘நாட் ஃபவுண்ட்’ என்கிறது. – வாசகி, மாங்குளம்

ப: விண்டோஸில் திருத்தியிருக்கிறீர்கள், தங்கச்சி. வரி முடிவில் ஒட்டிக்கொண்ட கண்ணுக்குத் தெரியாத எழுத்து, முதல் வரியிலுள்ள ஷெல்லின் பெயரோடு சேர்ந்துவிட்டது. காணவில்லை என்பது அந்த ஷெல்லைத்தான். அந்த எழுத்தை நீக்கும் டாஸ்டுயூனிக்ஸ் நிரலை ஒரு முறை ஓட்டுங்கள். கிட் ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் ஷெல் கோப்புகளுக்கு எல்எஃப் (லினக்ஸ் பாணி வரி முடிவு) என்று எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரமும் இதே கடிதம் வரும்.

கே: இணையத்தில் சொன்னபடி என் உபுண்டுவில் எஸ்எச் இணைப்பை டாஷிலிருந்து பாஷுக்கு மாற்றினேன். பில்ட் முடிந்தது. ஆனால் முத்தையன்கட்டுக் குளக்கட்டில் பொருத்திய சிறு கணினிப் போர்டில் தொடக்க ஸ்கிரிப்ட் ‘சின்டக்ஸ் எரர்’ என்று நின்றுவிட்டது. – வாசகர், ஒட்டுசுட்டான்

ப: கணினியை மாற்றாதீர்கள், ஸ்கிரிப்டைத் திருத்துங்கள். இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதி வருகிறேன். அந்த ஆலோசனை, போர்டுகளுக்கு லினக்ஸ் உருவாக்க உதவும் யோக்டோவின் பழைய குறிப்புகளில் இருந்தது. இன்னும் அதையே ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இணைப்பை மாற்றியதும் பிழை மறைந்தது, தீரவில்லை. உங்கள் போர்டில் இருப்பது பிசிபாக்ஸ் என்ற சிறு கருவித்தொகுப்பின் ஆஷ் ஷெல். அதற்கு அணி (ஒரே பெயரில் பல மதிப்புகளை வைக்கும் முறை) தெரியாது. மேசையில் ஐந்து நிமிடத்தில் பிடித்திருக்க வேண்டிய பிழையைக் குளக்கட்டு வரை கொண்டுபோய்விட்டீர்கள்.

இணைப்பை மீண்டும் டாஷுக்கே திருப்புங்கள். பில்ட் நடக்கும் கணினியில் மட்டும் ஓடும் ஸ்கிரிப்ட் என்றால் முதல் வரியிலேயே பாஷ் என்று எழுதுங்கள். மேக் படிக்கும் மேக்ஃபைலிலும் ஷெல் மாறிக்குப் பாஷ் கொடுங்கள், ஏனென்றால் நீங்கள் எந்த ஷெல்லில் உட்கார்ந்திருந்தாலும் மேக் எஸ்எச்சைத்தான் அழைக்கும். போர்டுக்குப் போவது என்றால் ஷெல்களுக்குப் பொதுவான பொசிக்ஸ் தரத்தில் மட்டும் எழுதி, பிழை கண்டுபிடிக்கும் ஷெல்செக்கில் பார்த்து, டாஷில் ஒரு தடவை ஓட்டிய பிறகே ஏற்றுங்கள்.

பிழை காட்டி நிற்கும் ஸ்கிரிப்ட் நல்ல ஸ்கிரிப்ட். நிற்காததுதான் ஆபத்து. ‘இஃப்’ வரியில் இரட்டைச் சதுர அடைப்பு இருந்தால் டாஷ் ‘நாட் ஃபவுண்ட்’ என்று முணுமுணுத்துவிட்டு ‘எல்ஸ்’ பக்கம் போய்விடும். பில்ட் வெற்றி என்றே முடியும். உள்ளே போனது வேறு தெரிவு. பிழை வந்தால் நிறுத்தச் சொல்லும் ‘செட் ஈ’ இருந்தாலும் ‘இஃப்’ நிபந்தனைக்குள் தோற்பதை அது பிடிக்காது. முதல் பிழையைப் பாருங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

கே: முதல் வரியில் பாஷ் என்றே இருக்கிறது. ஆனாலும் டாஷ் பிழைதான் வருகிறது. – வாசகர், புதுக்குடியிருப்பு

ப: எஸ்எச் என்று தட்டி, பிறகு கோப்பின் பெயரைக் கொடுக்கிறீர்கள். அப்போது முதல் வரியை யாரும் மதிப்பதில்லை. நேரடியாக ஓட்டுங்கள், தம்பி.

கே: விண்டோஸுக்குள் இருக்கும் உபுண்டுவில், பாத்தில் (நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலில்) இடைவெளி இருப்பதாகச் சொல்லி, போர்டுக்கு லினக்ஸ் உருவாக்கும் பில்ட்ரூட் மறுக்கிறது. – வாசகி, முல்லைத்தீவு

ப: ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ பாத்துக்குள் வந்துவிட்டது. விண்டோஸுக்குள் உபுண்டுவை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லின் அமைப்புக் கோப்பில் விண்டோஸ் பாத்தைச் சேர்க்க வேண்டாம் என்று குறித்து, டபிள்யூஎஸ்எல்லை முழுதாக நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். முனையத்தை மூடித் திறந்தால் மட்டும் போதாது.