சென்னையில் கண்ட சிறுகோளுக்குச் சில்வியா என்ற பெயர் எப்படி வந்தது?

கேள்வி: 87 சில்வியா என்னும் சிறுகோளுக்குப் பிரெஞ்சு வானியலாளர் பிளமாரியனின் மனைவியின் பெயரைச் சூட்டினார்கள் என்பது உண்மையா?

உண்மையன்று. மதுரையில் மாணவர்களுக்கு அறிவியல் கற்பித்து வருபவன் என்ற முறையில், தமிழ் மண்ணிலிருந்து கண்டறியப்பட்ட ஒரு சிறுகோளின் கதை பிழையாகப் பரவுவதை நான் விரும்பவில்லை.

சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் அரசு வானியலாளராக இருந்த நார்மன் போக்சன், 1866 மே 16 அன்று சில்வியாவைக் கண்டார். ஒளிப்படத்தின் துணையால் சிறுகோள்களைத் தேடும் முறை 1891இல்தான் வந்தது. ஆகவே அக்காலத்தில், விண்மீன் வரைபடத்தையும் தொலைநோக்கியில் தெரியும் வானத்தையும் மாறி மாறி ஒப்பிட்டு, வரைபடத்தில் இல்லாத புள்ளி ஏதேனும் இரவுக்கு இரவு இடம் மாறுகிறதா என்று கண்ணாலேயே பார்க்க வேண்டியிருந்தது. வங்கக் கடலோரத்தின் ஈரக் காற்றில் இப்படித் தேடியே 1861இல் ஆசியா, 1864இல் சாப்போ என்னும் சிறுகோள்களையும் அவர் கண்டிருந்தார். (அந்த வானாய்வகத்தின் பணிதான் 1899இல், அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது.)

பெயரைப் பொறுத்தவரை, ரோமுலஸ், ரீமஸ் என்னும் இரட்டையரைப் பெற்றவளாக ரோமானியத் தொன்மம் சொல்லும் ரேயா சில்வியாவையே தாம் கருதியதாகப் போக்சன் தம் கண்டுபிடிப்பு அறிவிப்பிலேயே எழுதியிருக்கிறார். பிற்காலப் பெயர்த் தொகுப்பு ஒன்றில் இப்பெயர் பிளமாரியனின் மனைவி சில்வியைக் குறிப்பதாக எழுதப்பட்டதால் குழப்பம் நேர்ந்தது. ஆனால் பிளமாரியன் அவரை மணந்தது 1874இல். பெயர் சூட்டப்பட்டது அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு. கண்டவரே காரணத்தைச் சொல்லியிருக்கும்போது, பின்னால் வந்தவர்களின் ஊகத்துக்கு இடமில்லை என்பதே என் உறுதியான கருத்து.

இந்தக் காரணம் தெளிவாகப் பதிவாகியிருந்ததன் பயன் நம் காலத்தில் தெரிந்தது. 2001இல் ஹவாயின் கெக் தொலைநோக்கி வழியே சில்வியாவைச் சுற்றும் துணைக்கோள் ஒன்று தென்பட்டது. சிலியிலுள்ள பெருந்தொலைநோக்கி 2004இல் எடுத்த படங்களில் இன்னொன்றும் புலப்பட்டது. இரண்டு துணைக்கோள்கள் கொண்டதாக முதன்முதலில் அறியப்பட்ட சிறுகோள் சில்வியாதான். அன்னையின் பெயர் முன்பே அமைந்திருந்ததால், பிள்ளைகளுக்கு ரோமுலஸ், ரீமஸ் என்று பெயரிட எவரும் தயங்கவில்லை. அவற்றின் சுற்றுப்பாதையை அளந்தே சில்வியாவின் நிறையைக் கணக்கிட்டார்கள்; சுமார் 270 கிலோமீட்டர் விட்டமுள்ள அதன் அடர்த்தி நீரைவிடச் சற்றே அதிகம் என்று தெரிந்ததால், அது ஒரே பாறையாக இல்லாமல் இடையிடையே வெற்றிடம் கொண்ட கற்குவியலாக இருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

போக்சன் 1868இல் சென்னையிலிருந்தே கண்ட கமில்லா என்னும் சிறுகோளுக்கும் இரண்டு துணைக்கோள்கள் உண்டு. ஒன்று 2001இலும் மற்றொன்று 2016இலும் கண்டறியப்பட்டன.